முன்னாள் மாணவர் சந்திப்பு: பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே, ஜூன் மாதங்களில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 40, 45 ஆண்டுகள் கழித்துச் சந்தித்தார்கள், ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள், மரக்கன்று நட்டார்கள், குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பொறியாளர், வங்கி மேலாளர், வட்டாட்சியர், தலைமையாசிரியர் உண்டு என்று கடைசி வரியில் இருக்கும். கொத்தனார், ஏ.டி.எம். காவலாளி, பனியன் கம்பெனி டெய்லர், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா என்று ஒரு வரியும் இருப்பதில்லை. அவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்றே அவர்களை ஒதுக்குவதில்லை. பட்டியல் கைப்பேசியிலிருந்து எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒருவர் தம்மிடம் உள்ள பத்துப் பன்னிரண்டு எண்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்கிறார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பு விட்டுப்போகாமல் இருந்தவர்கள் யார்? ஏறக்குறைய ஒரே மாதிரி வேலைக்குப் போனவர்கள்தான்.

சந்திப்புகளை ஏற்பாடு செய்து பழகியவர்கள் என்ற முறையில் சில நடைமுறைக் குறிப்புகளை எழுதுகிறோம். இப்போது அறுபதைத் தொடும் செட்டுக்கு இவை உடனே பயன்படும்.

யார் அந்தச் செட்? 1976 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1981இல் பத்தாம் வகுப்பும் 1983இல் பிளஸ் டூவும் எழுதியவர்கள். பிளஸ் டூ முறை 1978இல்தான் வந்தது. முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. எனவே இவர்கள் அந்த முறையின் நான்காவது அணி. மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் அந்த வாக்கில்தான் முளைத்தன. இரண்டுக்கும் ஓர் ஆண்டு முன்னால் வெளியே வந்துவிட்டவர்கள் இவர்கள். அதனால் ஒரே வகுப்பிலிருந்து பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., ஆசிரியர் பயிற்சி, ராணுவம், மில், வளைகுடா, அடுப்படி என்று சிதறியது இந்தத் தலைமுறையில் அதிகம்.

முதல் வேலை, பள்ளியின் மாணவர் சேர்க்கை நீக்கல் பதிவேடு. வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள். சேர்க்கை நீக்கல் பதிவேட்டை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, மாற்றுச் சான்றிதழ் எண் எல்லாம் அதில் இருக்கும். தலைமையாசிரியருக்கு மூன்று பேர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். கையெழுத்திடுபவர்களில் ஒருவரேனும் தம் பழைய மாற்றுச் சான்றிதழ் நகலோ எஸ்.எஸ்.எல்.சி. புத்தக நகலோ இணைக்கட்டும். தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள். பள்ளி தேர்வு மையமாக இருக்கும்; எரிச்சல்தான் மிஞ்சும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நல்லது.

பதிவேட்டைக் கைப்பேசியில் படம் எடுக்கவே கூடாது. சாதிப் பத்தியும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கின்றன. படம் ஒரு முறை குழுவுக்குப் போய்விட்டால் திரும்பாது. ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர், தந்தை பெயர், ஊர், நீங்கிய ஆண்டு என்று நான்கு பத்தி மட்டும் அங்கேயே உட்கார்ந்து எழுதி எடுத்துவாருங்கள். 90 பெயருக்கு இரண்டு பேர் அரை நாள் உட்கார வேண்டியிருக்கும். மை மங்கியிருக்கும், ஓரம் கரையான் அரித்திருக்கும். ஒருவர் படிக்க ஒருவர் எழுதினால் பிழை குறையும்.

இங்கே இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, 1981இல் நீங்கியவர்களை மட்டும் எழுதுவது. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், ஒன்பதில் ஃபெயிலாகி அடுத்த செட்டோடு உட்கார்ந்தவர்கள், அப்பாவுக்கு மாற்றலாகி நடுவில் போனவர்கள் எல்லோரும் விடுபட்டுவிடுவார்கள். 1976இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, பிறகு நடுவில் வந்து சேர்ந்தவர்களைக் கூட்டுங்கள். இரண்டு, பள்ளி பிரிந்ததை மறப்பது. பெண்களுக்கெனத் தனிப் பள்ளி பிரிந்திருந்தாலும், உயர்நிலைப் பள்ளி மேல்நிலை ஆகி வேறு வளாகம் போயிருந்தாலும், பழைய பதிவேடு தாய்ப் பள்ளியில்தான் இருக்க வாய்ப்பு. "எங்களிடம் இல்லை" என்று எழுத்தர் சொன்னால் எந்த ஆண்டில் பள்ளி பிரிந்தது என்று அடுத்துக் கேளுங்கள்.

குழுப்படத்தைப் பட்டியலாகக் கொள்ள வேண்டாம். அட்டையில் ஒட்டி, "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று கீழே அச்சிட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர உதவும், அவ்வளவே. காசு கட்டியவர்கள் மட்டும் நின்ற படங்களும் உண்டு. அன்றைக்கு வராதவர்களும் உண்டு. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், முகங்கள் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடேயே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, சற்றுச் சாய்வாகப் படம் எடுத்தால் போதும். அட்டையில் தனியாக இருந்தால் ஸ்கேன் கடையில் 600 டி.பி.ஐ. என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்; 200இல் எடுத்தால் பின்வரிசை முகங்கள் புள்ளியாகிவிடும்.

அடுத்து, ஆட்களைத் தேடுவது. பெயரை அகரவரிசைப்படுத்தாமல் ஊர்வாரியாகப் பிரியுங்கள். அந்தக் காலத்தில் ஒரு பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்துப் பத்துப் பன்னிரண்டு கிராமத்துப் பிள்ளைகள் நடந்தோ டவுன் பஸ்சிலோ வந்தார்கள். கிராமத்துக்கு ஒருவர் பொறுப்பு. அவர் போய் நிற்க வேண்டிய இடங்கள் டீக்கடை, ரேஷன் கடை, கோயில் திண்ணை. பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் பல ஊரில் யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் சுப்பிரமணியன், ஊரில் மணி, வீட்டில் கட்டையன். தந்தை பெயரையும் அந்த வீட்டுப் பட்டப்பெயரையும் சொல்லிக் கேட்டால் இரண்டாவது ஆளே "அவன் திருப்பூர்ல இருக்கான், அவங்க அண்ணன் நம்பர் இருக்கு" என்பார்.

பெண்களைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது. வழி அண்ணன் தம்பிதான். தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போகும் பையன் பெயர் மேல் வகுப்பிலோ கீழ் வகுப்பிலோ இருக்கும். அவர் இன்னமும் பிறந்த வீட்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவரிடம் எண்ணைக் கேட்காதீர்கள். குழுவில் ஒருவர் எண்ணைக் கொடுத்து, "தங்கச்சிக்குச் சொல்லுங்க, விருப்பம் இருந்தா அவங்களே பேசட்டும்" என்று வந்துவிடுங்கள். அந்த எண் வகுப்பில் படித்த இன்னொரு பெண்ணுடையதாக இருக்க வேண்டும். ஆணுடைய எண்ணைக் கொடுத்தால் பாதிப் பேர் கூப்பிட மாட்டார்கள்; கூப்பிட்டால் வீட்டில் கேள்வி வரும். சிலருடைய வாட்ஸ்அப் மகனுடைய கைப்பேசியில்தான் ஓடும். அவர்களைக் குழுவில் சேர்ப்பதைவிட மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு மேல்.

ஒரே வகுப்பில் ஐந்தாண்டு படித்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் அன்றைய ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும். அறுபதில் முதல் முதலாகப் பேசும்போது தானாகவே "வாங்க, சொல்லுங்க" என்றுதான் வரும். அதை மாற்றி எல்லோரையும் "டா, டி" போட வைக்கும் உற்சாகக்காரர் ஒருவர் எல்லாச் செட்டிலும் இருப்பார். அவரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

நாள் குறிப்பது. ஒரே செட் என்றாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்வு பெறுவதில்லை. தனியார் ஆலைகளில் பெரும்பாலும் 58. தமிழக அரசில் 58ஆக இருந்தது 2020 மே மாதம் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. ராணுவத்துக்குப் போனவர்களில் பலர் நாற்பதுக்குள் முதல் ஓய்வும் வங்கிக் காவலாளியாக இரண்டாவது ஓய்வும் பெற்றவர்கள். அரசு ஊழியர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியில். சான்றிதழில் ஜூன் 1 போட்டவர் மே 31இல் வெளியே வந்துவிடுவார். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட தேதிகள் அவை; அதனால் ஒரே வகுப்பில் மே, ஜூன் பிறந்தநாள்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஜாதகம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு: 1965-66 விசுவாவசுவில் பிறந்தவருக்கு அறுபது ஆண்டு சுற்றி அதே விசுவாவசு 2025-26இல் வந்தது. வீட்டில் அறுபதாம் கல்யாணம் முடிந்தும் அலுவலகத்தில் இன்னும் ஓராண்டு சர்வீஸ் மிச்சமுள்ளவர்களும் உண்டு. எல்லோரும் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

ஆகவே தேதியை முதலில் யாரிடம் கேட்பது என்பதே கேள்வி. அமெரிக்காவிலிருந்து வருபவரிடம் கேட்டுத்தான் வழக்கமாக முடிவு செய்கிறார்கள். அவருக்கு விடுப்பு உண்டு, சம்பளமும் உண்டு. ஷிப்ட் மாற்ற முடியாத காவலாளி, ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் நடக்கும் இறைச்சிக் கடைக்காரர், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் சித்தாள் ஆகியோரிடம் மூன்று தேதி சொல்லி முதலில் கேளுங்கள். அவர்களுக்குத் தோதான தேதி மற்றவர்களுக்குத் தோதாகிவிடும்.

மாதம் எது என்றால், எங்கள் வாக்கு ஆடிக்கு. முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் பேரத்துக்கு வரும், சமையல்காரர் கையில் வேறு வேலை இருக்காது, உறவில் கல்யாணம் என்று யாரும் நழுவ முடியாது. ஆடிப்பெருக்கையும் அந்தந்த ஊர் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் ஞாயிறையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம். தகரக் கூரையும் அறுபது வயதும் சேர்ந்தால் யாராவது மயங்கி விழுவார்.

பள்ளி வளாகத்திலேயே நடத்த ஆசை இருக்கும். காலையில் ஒரு மணி நேரம் வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்து மண்டபத்துக்கு வந்துவிடுவது நல்லது. காரணம் முழங்கால். பள்ளிக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் எண்பது பேரில் இருபது பேராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பார்க்கப் போகும்போது மேடையைப் பார்க்காதீர்கள். தரைத்தளமா, மேற்கத்தியக் கழிப்பறை எத்தனை, கைப்பிடி உண்டா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பந்தி மேசையில்தான்.

சாப்பாட்டுக் கணக்கு 80 பேருக்குச் சைவம் என்றால் அரிசி 8 கிலோ போதும். சமையல்காரர் 10 என்பார், அது கல்யாண வீட்டுக் கணக்கு. சாம்பாருக்குத் துவரம் பருப்பு 2 கிலோ, காய் எல்லாம் சேர்த்து 12 கிலோ, தயிர் 8 லிட்டர். பிரியாணி வேண்டுமென்றால் சீரகச் சம்பா ஒரு கிலோவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர், கறி அரிசிக்குச் சம எடை. இரண்டையும் பாதிப் பாதி போடுவதானால் யார் எது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வந்த பிறகு கேட்டால் சைவக்காரரும் பிரியாணி வாசனைக்கு மாறிவிடுகிறார், கணக்கு உதைக்கும். குடிக்க 20 லிட்டர் கேன் ஆறு. இனிப்பு ஒன்றே ஒன்று, சிறிதாக.

அளவைவிட நேரம் முக்கியம். பந்தி 12.45க்கு உட்கார்ந்தாக வேண்டும். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி தின்று, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். மேடைப் பேச்சு நீண்டு சாப்பாடு 2.30 ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். பழைய நண்பரைப் பார்த்த உணர்ச்சி என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தேறியதும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். பதினொரு மணி டீயோடு சுண்டல் ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

அறிமுகப் படலம் எல்லா இடத்திலும் காலை வாரிவிடுகிறது. எண்பது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 400 நிமிடம், ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் ஐந்து பேர் பதவி வரிசையில் மேடையேறி ஆளுக்குக் கால் மணி நேரம் பேசுவார்கள். கடைசி முப்பது பேர் பஸ்சுக்கு நேரமாச்சு என்று பேசாமலே கிளம்புவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், பள்ளி மணி ஒன்றை வாங்கிவந்து அடியுங்கள். வரிசை பதிவேட்டு வரிசையாகவே இருக்கட்டும். பெயரை வாசித்தால் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து, இருந்த இடத்திலிருந்தே பேசட்டும். மேடை தேவையில்லை. பழைய பதிவேடுகளில் ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்று இருக்கும். அதை மட்டும் மாற்றி மாற்றிப் படியுங்கள். 11 மணிக்குத் தொடங்கினால் 12.45க்குள் 52 பேர், இரண்டு மணிக்கு மேல் மீதி 28 பேர், மூன்று மணிக்கு முடிந்துவிடும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கட்டிவைத்தால் நல்லது: இப்போது எந்த ஊர், என்ன வேலை பார்த்தேன் அல்லது பார்க்கிறேன், பள்ளி நினைவு ஒன்று. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், எல்லோரும் செட்டிலாகிவிட்டார்களா என்ற கேள்வியைத் தொகுப்பாளர் கேட்கவே கூடாது. கல்யாணமாகாதவர், பிள்ளையில்லாதவர், பிரிந்து வாழ்பவர், மகனை இழந்தவர் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அடுத்த ஆண்டு வருவதில்லை.

ஆசிரியர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். பத்தரை மணிக்கு மரியாதை செய்து, அவர்கள் பேசி முடித்ததும் விருப்பப்படி வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விடுங்கள். மாலை வரை மேடையில் உட்கார வைப்பதற்குப் பெயர் மரியாதை இல்லை. ஒருவருக்கே இருபது சால்வை விழுவதும் அப்படித்தான். நடக்க முடியாதவர் வீட்டுக்கு முந்தின நாளே நாலு பேர் போய் வாருங்கள். காலில் விழுந்தே ஆக வேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள். எல்லோருக்கும் எல்லா ஆசிரியரிடமும் ஒரே நினைவு கிடையாது.

இறந்தவர்கள் பட்டியலைச் சரிபார்க்காமல் வாசித்தால் வரும் சங்கடத்துக்கு மருந்தே இல்லை. "அவன் போயிட்டானாமே" என்று குழுவில் ஒருவர் போட, முப்பது பேர் கண்ணீர் முகத்தை ஒட்டுவார்கள். ஆள் சூலூரில் நன்றாக இருப்பார். வீட்டாரிடம் நேரில் பேசி உறுதி செய்யும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு. பெயரும் ஊரும் மட்டும் வாசியுங்கள். எப்படி இறந்தார் என்பது வேண்டாம்.

பணம். ஒரு பணக்கார நண்பர் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னால் குழுவினர் மகிழ்ந்துபோகிறார்கள். பிறகு மண்டபம் அவர் விருப்பம், சிறப்பு விருந்தினர் அவர் கட்சிக்காரர், கேடயத்தில் அவர் படம். தலைக்கு இவ்வளவு என்று பங்கு வையுங்கள். கூடுதலாகத் தர விரும்புபவருக்கு ஐந்து பங்கு உச்சவரம்பு. கொடுக்க முடியாதவரிடம் "நீங்க கொடுக்க வேண்டாம்" என்று தனியே சொல்வதும் ஒருவகைக் குத்தல்தான். நுழைவாயிலில் ஒரே மாதிரி உறைகளும் பூட்டிய உண்டியலும் வைத்தால் யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. கேடயத்தை அறவே நிறுத்துங்கள். அந்தக் காசில் எல்லோருக்கும் போக்குவரத்துச் செலவு கொடுத்துவிடலாம்.

மிச்சப் பணத்தை வைத்துச் சங்கம் தொடங்க ஆசை வரும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று ஒருவர் ஓட வேண்டும்; மூன்றாம் ஆண்டு யாரும் ஓடுவதில்லை. பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாகவே செய்யலாம். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நாலு செட் தண்ணீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்து, நாலும் பழுதாகி மூலையில் கிடக்கலாம்.

எங்கள் கணக்கில் சந்திப்பின் உண்மையான பயன் மூன்று மணிக்கு மேல்தான். மூன்று மேசை போடுங்கள். ஒரு செட்டில் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவர், வங்கியில் இருந்தவர், ஆலை அலுவலகத்தில் வருங்கால வைப்புநிதி பார்த்தவர், செவிலியர் எல்லோரும் கிடைப்பார்கள். அவர்களுடைய நாற்பதாண்டு அனுபவம் சக மாணவருக்குத் தேவைப்படுவது இந்த வயதில்தான். அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வைப்புநிதி எண் ஆகியவற்றின் நகல் எடுத்துவரவும்.

முதல் மேசை வைப்புநிதி ஓய்வூதியம். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள திட்டம். பத்தாண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம், விண்ணப்பம் 10டி. திருப்பூர், கோவை ஆலைகளில் மூன்று வருடம் இங்கே, நாலு வருடம் அங்கே என்று இருந்தவர்கள் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகப் பார்த்து "எனக்குப் பத்து வருடம் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பணத்தை எடுக்காமல் விட்ட கணக்குகளை ஒன்றாக இணைத்தால் தேறலாம். ஒன்பதரை ஆண்டு இருந்தாலே பத்தாகக் கணக்கிடப்படும், ஏனெனில் ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓர் ஆண்டாகச் சேரும். வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம் பெயர். ஆலைப் பதிவில் "ஆர்.மணி", ஆதாரில் "சுப்பிரமணியன் ராமசாமி". பிறந்த தேதியும் ஒத்துவராது. அதைத் திருத்த வேண்டிய நேரம் 58க்கு முன்பே. கம்பெனி மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. ஓய்வூதியம் வரத் தொடங்கியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்; வைப்புநிதித் திட்டத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். கல்லும் சிமெண்டும் தொட்டுக் கைரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் "பொருந்தவில்லை" என்று சொல்லும்; முகத்தைப் படம் பிடித்துப் பதியும் வசதி கைப்பேசியிலேயே உண்டு.

இரண்டாவது மேசை வட்டாட்சியர் அலுவலக வேலைகள். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. 60 முடிந்திருக்க வேண்டும், ஆதரவற்ற நிலை பார்க்கப்படும். ஆதாரில் வயது குறைத்துப் பதிவானதே பாதி விண்ணப்பங்களுக்கு எதிரி. பள்ளிச் சான்று இருந்தால் அதை வைத்து ஆதாரைத் திருத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளிச் சான்றை வாங்கத் தலைமையாசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இருப்பவர்கள் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் 60 முடிவதற்குள் புதுப்பித்தாக வேண்டும்.

மூன்றாவது மேசை கையில் மொத்தமாகப் பணம் வந்தவர்களுக்கு. பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), விடுப்புச் சம்பளம் என்று ஒரே மாதத்தில் வரும் தொகை குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நிலம், சீட்டு, "மாதம் மூன்று வட்டி", மூலிகைப் பொடி எல்லாம் பழைய பெஞ்ச் நட்பின் பெயரால் வரும். முதல் விதியாகவே எழுதிவைத்துவிடுங்கள்: குழுவில் கடன் இல்லை, முதலீடு இல்லை, ஏஜென்சி இல்லை. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 முடிந்தவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்தாண்டு, வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வரும். கம்யூட்டேஷன் செய்தவர்கள் 15 ஆண்டு கழித்து அந்தப் பகுதி மீண்டும் ஓய்வூதியத்தில் சேர வேண்டும் என்பதை மனைவிக்கும் சொல்லி, தேதியை டைரியில் குறித்துவைக்கட்டும். நண்பர் எண்ணிலிருந்து "அவசரம், 20 ஆயிரம் அனுப்பு" என்று செய்தி வந்தால் அவரைக் குரலில் கூப்பிட்டுப் பேசிய பிறகே கை நீட்டுங்கள். ஏமாந்தால் உடனே இணையக் குற்றப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். முதியோருக்கான பொது உதவி எண் 14567.

கையேடு அச்சிடுவதானால் அதில் பிறந்த தேதி, முழு முகவரி, மதிப்பெண் பட்டியல் படம் எதுவும் வேண்டாம். பெயர், அன்றைய ஊர், இன்றைய ஊர், ரத்த வகை, சம்மதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் தொலைபேசி எண். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய மகன் அல்லது மகள் எண்ணைத் தனித்தாளில் வாங்கி இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். கிராமத்துப் பஸ் அதற்கு மேல் சந்தேகம். இரவு விடுதியில் தொடரும் "நண்பர்கள் அமர்வு" யாருக்கு வேண்டுமோ அவர்கள் தனியே, வேறொரு நாளில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய சந்திப்புச் செய்தி வரும்போது உங்கள் நிருபர் இரண்டு எண்களைக் கேட்டு எழுதட்டும்: பதிவேட்டில் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர். முதல் எண்ணுக்குப் பதில் சொல்ல முடியாத குழு, அடுத்த ஆண்டு பள்ளி அலுவலகத்துப் படியேறும்.

இப்படிக்கு,
1981 எஸ்.எஸ்.எல்.சி. செட் ஒருங்கிணைப்புக் குழுவினர்,
புதுக்கோட்டை மாவட்டம்.